நாட்டுடைமை ஆகாத கிறிஸ்துராஜ்

"யோவ், இது இன்னா உங்கொப்பன் ஊட்டு எடமா? கவர்மென்ட்டு எடம்யா! அவுத்துகினு போ!"

பிளாட்பாரத்து விளக்குக் கம்பத்தில் ஆட்டைக் கட்டிவிட்டு நிதானமாகப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துத்தான் கிறிஸ்துராஜ் இப்படி இரைந்துகொண்டிருந்தார். இரையும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. குரலில் டில்லியிலிருந்து நேராக வந்து இறங்கிய கம்பீரம். ஆட்டுக்காரர் முணுமுணுத்தபடி கயிற்றை அவிழ்த்தார். ஆடு பிளாட்பாரத்தை விட்டு இறங்குவதற்குள் ஓர் அம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாபா, கொயாய்ல தண்ணி வர்றதே இல்ல. ஸ்டேஷன்காரன் நீ பாக்க மாட்டியா?"

நிமிர்ந்த நெஞ்சு பழைய அளவுக்கு இறங்கியது. "என்னியக் கேட்டா? நான் இன்னா கவர்மென்ட்டா? நான் பிரைவேட்டும்மா, கமிஷன் ஆளு. கொயா, லைட்டு, கூரை எல்லாம் அவுங்கதான் பாக்கணும்."

ஒரே மனிதர், ஒரே இடம், ஒரே காலை நேரம். அதட்ட வேண்டியிருந்தால் அவர் அரசாங்கம். வேலை செய்ய வேண்டியிருந்தால் தனியார். இந்த வசதி நம்முடைய மந்திரிகளுக்குக்கூட முழுசாக வாய்க்கவில்லை.

மேட்டுக்கழனி ஹால்ட் வேப்பம்பட்டைத் தாண்டி, வயல்களுக்கும் வயல்களைத் துண்டு போட்ட மனைகளுக்கும் நடுவில் இருந்தது. அதை ஸ்டேஷன் என்று சொன்னால் மற்ற ஸ்டேஷன்கள் கோபித்துக்கொள்ளும். ஒரு பிளாட்பாரம், ஒரு சிமென்ட் பெஞ்சு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, அந்த அறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். இங்கே ஓர் ஆளை உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று, ரயில்வே அந்த ஜன்னலை உள்ளூர் ஆள் ஒருவரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தது. அவர் திருவள்ளூருக்குப் போய், தன் கைக்காசைப் போட்டு டிக்கெட்டுகளை வாங்கிவந்து, இங்கே விற்று, விற்றதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அந்த ஆள் கிறிஸ்துராஜ்தான்.

ஆகவே ரயிலைத் தனியாரிடம் கொடுக்கலாமா கூடாதா என்று பெரிய பெரிய மூளைகள் பத்திரிகைகளில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், மேட்டுக்கழனியில் அந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. தண்டவாளம் அரசாங்கத்தினுடையது. பிளாட்பாரம் அரசாங்கத்தினுடையது. பிளாட்பாரத்தைப் பெருக்குகிற துடைப்பம் தனியாருடையது. துடைப்பத்தைப் பிடிக்கிற கை தனியாரின் மனைவி சகாயம்மாளுடையது. அந்தக் கைக்குக் கமிஷன் ஏதும் கிடையாது.

ஒப்பந்தக்காரருக்குச் சீருடையும் கிடையாது. அதனால் கிறிஸ்துராஜ் ஆவடியில் ஒரு தையல்காரரிடம் தன் செலவில் வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைக் கோட்டும் தைத்துக்கொண்டார். கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான். மேற்பார்வைக்கு வந்த ஓர் இன்ஸ்பெக்டர் பொத்தான்களை உற்றுப் பார்த்து, "இது என்னய்யா வேஷம்?" என்று கேட்டுவிட்டார். கிறிஸ்துராஜ் அன்றைக்கே பொத்தான்களை அறுத்துவிட்டு ஊக்கு குத்திக்கொண்டார். கோட்டை மட்டும் கழற்றவில்லை. வண்டி வருகிற நேரத்துக்குக் கையில் ஒரு பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்தின் நுனியில் போய் நிற்பார். எலக்ட்ரிக் வண்டிக்கு அந்தக் கொடியால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கார்டு மணியடிப்பார், வண்டி கிளம்பும். கிறிஸ்துராஜும் கொடியை ஆட்டிவிட்டு, ஏதோ பெரிய காரியத்தை முடித்தவர்போல அறைக்குத் திரும்புவார்.

அவருடைய கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'ரயில்வே' என்று ஒற்றைச் சொல்லை அச்சிட்டிருந்தார்களாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பாரிவாக்கத்தில் இருந்த சகாயம்மாளின் அப்பா அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். ரயில்வே மாப்பிள்ளை என்றால் பாஸ் வரும், வருஷா வருஷம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வரலாம் என்று மனத்துக்குள் மூட்டையே கட்டிவிட்டார். உண்மை தெரிந்தபோது பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

"பாஸு இன்னா பாஸு!" என்று சகாயம்மாள் ஒருநாள், தினமும் அங்கே வண்டி ஏறுகிற என்னிடமே சொன்னார். "இந்தாளு திருவள்ளூருக்குப் போயி டிக்கெட் கட்டு வாங்கியாறதுக்கே டிக்கெட் வாங்கிகினு போவுது. அதுவும் தன் ஜன்னல்லயே. ரயில்வேல ரயில்வேக்குத் துட்டு குடுக்கற ஒரே ஆளு இவுருதான்."

கிறிஸ்துராஜுக்கு இதெல்லாம் உறைத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, தன்னை நிரந்தர ஊழியராக எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயை எந்தக் காலத்திலோ நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். பாக்கி நின்றது கிறிஸ்துராஜ் ஒருவர்தான். வருஷம் தவறாமல் மேலிடத்துக்கு மனு போட்டார். ஓர் அதிகாரி எப்போதோ ஒரு தடவை, மனுவைப் பார்க்காமலே, "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பத்து வருஷம் ஓட்டிவிட்டார்.

"என்னிய மட்டும் எட்த்துகினாங்கன்னா போதும் சார்" என்பார். "இந்த ஹால்ட்ட ஸ்டேஷனாவே ஆக்கிக் காட்டுவேன், பாருங்க."

ஹால்ட்டின் சிமென்ட் பெஞ்சில் தினமும் சபை கூடும். சபைக்கு இரண்டு தூண்கள். ஒருவர் ஆனந்தன், ஆவடியில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சங்கத்தில் செயலாளர், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு துண்டுப் பிரசுரம். இன்னொருவர் பரந்தாமன், தலைமுறை தலைமுறையாக இங்கே நெல் விளைத்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் கல் நட்டு மனை விற்கிறார். ரயிலைத் தனியாருக்குக் கொடுத்தால் நாடே விளங்காமல் போய்விடும் என்பது ஆனந்தனின் கட்சி. கொடுக்காததால்தான் விளங்காமல் கிடக்கிறது என்பது பரந்தாமனின் கட்சி. வண்டி தாமதமானால் வாதம் சூடு பிடிக்கும். வண்டி தினமும் தாமதமாகும்.

இருவருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. இருவரும் டிக்கெட் வாங்குவதில்லை.

"ரயிலு மக்கள் சொத்து அண்ணாத்தே" என்பார் ஆனந்தன். "சொந்தக்காரன் எங்கனா தன் ஊட்டுக்குள்ள போறதுக்கு டிக்கெட் வாங்குவானா?"

"நஷ்டத்துல ஓட்டிகினு கீறான். அதுல போயி நம்ம துட்டையும் போடணுமா?" என்பார் பரந்தாமன். "பிரைவேட்டுக்காரன் வரட்டும். மொத டிக்கெட்டு நான் வாங்கறேன்."

இப்படி, ஒன்றுக்கொன்று பரம விரோதமான இரண்டு பொருளாதாரக் கொள்கைகள் ஒரே கதவில் தொற்றிக்கொண்டு, ஓசியில் ஆவடிவரை போய்க்கொண்டிருந்தன.

கொள்கை ஏதும் இல்லாத ஊர்க்காரர்கள் இன்னும் தாராளமாக இருந்தார்கள். பிளாட்பாரத்தில் மிளகாய் காய்ந்தது, நெல் காய்ந்தது. விடுமுறை நாளில் பையன்கள் பெயர்ப்பலகையை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். ரயில்வே போட்ட கம்பி வேலி பல வீடுகளில் துணி காயப்போடப் பயன்பட்டது. ஒருநாள் பரந்தாமன் செய்தித்தாளில் படித்துவிட்டு வந்து, வெளிநாட்டில் தண்டவாளத்துக்கு ஒரு முதலாளியாம், அதன்மேல் பணம் கட்டி எவன் வேண்டுமானாலும் வண்டி விடலாமாம் என்று பிரசங்கம் செய்தார். கிறிஸ்துராஜ் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "இங்க அதுக்கு மேலயே கீது. ஆடு ஓட்றான், மாடு ஓட்றான், சைக்கிள் ஓட்றான். துட்டுகூட கட்றதில்ல. ரயிலு ஒண்ணுதான் லேட்டா ஓடுது."

டிக்கெட் வாங்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. எல்லம்மா வாங்குவார். கீரைக் கூடையோடு காலை வண்டியில் அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர். ஏன் நீங்கள் மட்டும் வாங்குகிறீர்கள் என்று நான் கேட்டேன். நேர்மை, நியாயம் என்று ஏதாவது சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. "கூடைய வெச்சிகினு செக்கிங்காரன் வந்தா ஓட முடியாது நைனா" என்று முடித்துவிட்டார். என்னைப் போன்ற மாதச் சீட்டுக்காரர்கள் ஆவடியிலோ சென்ட்ரலிலோ சீட்டு வாங்கிவிடுகிறோம். அது கிறிஸ்துராஜின் ஜன்னல் கணக்கில் சேராது. ஆக, அந்த ஜன்னல் பெரும்பாலும் எல்லம்மாவையும் அவரைப் போன்ற கூடைக்காரிகளையும் நம்பித்தான் திறந்திருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் ஓலை வந்தது. மேட்டுக்கழனி ஹால்ட்டில் டிக்கெட் விற்பனை மிகக் குறைவு. இங்கே வண்டி நிற்பதால் நேரமும் மின்சாரமும்தான் வீண். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இனி வண்டி நிற்காது. கிறிஸ்துராஜ் ஓலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். வண்டி நிற்காத ஹால்ட்டில் நிரந்தர ஊழியர் ஆவது எப்படி? எல்லம்மாவின் கணக்கு இன்னும் நேரானது. "இது நிக்காங்காட்டி வேப்பம்பட்டு வரிக்கும் தலச்சுமையா நடக்கணும். நான் போயி சேர்றதுக்குள்ள கீரையும் வாடிடும், மார்க்கெட்டும் கலஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார்.

கிறிஸ்துராஜ் டிக்கெட் பிரச்சாரத்தில் இறங்கினார். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினார். "டிக்கெட் வாங்குங்கபா. இல்லாங்காட்டி வண்டி நிக்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கல்லூரிக்குப் போகிற ஒருவன், "நிக்காதப்போ வாங்கிக்கலாம் மாமே" என்று சமாதானம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரிடம் சொல்லி அறிவிக்கச் செய்தார். சாமியார் உருக்கமாகத்தான் பேசினார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். திங்கட்கிழமை எல்லாரும் வழக்கம்போல் ஏறினார்கள்.

ஆனால் ஊரைக் குறை சொல்லக்கூடாது. ஹால்ட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற உணர்ச்சி எல்லாருக்கும் பொங்கத்தான் செய்தது. ஆனந்தனும் பரந்தாமனும் வாழ்நாளில் முதல் தடவையாகக் கைகோத்தார்கள். அதிகாரி வருகிற அன்று ஊரே திரண்டு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்தாலே அவர் மனம் மாறிவிடுவார் என்று முடிவானது. பரந்தாமன் பந்தலும் மேளமும் தன் செலவு என்றார். மனை வாங்கினவர்களிடம் 'ரயில் நிலையம் மிக அருகில்' என்று சொல்லித்தானே விற்றிருக்கிறார். ஆனந்தன் கோஷம் எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் சர்தான்" என்றார் கிறிஸ்துராஜ். "அன்னிக்கி ஒரு நாளாவது வர்றவங்க அல்லாரும் ஒரு டிக்கெட்டு வாங்கிடுங்கபா."

ஆனந்தன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, நாம வண்டி ஏறவா போறோம்? சும்மா நிக்கறதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

அதிகாரி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை. வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளக்காரர்கள் பெஞ்சில் ஏறி நின்று வாசித்தார்கள். மிளகாய், நெல், ஆடு எல்லாம் மரியாதையாக அகற்றப்பட்டிருந்தன. அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினார். கூடவே டிக்கெட் பரிசோதகர்கள் ஒரு கும்பலாக இறங்கினார்கள். ஊர் அதைக் கவனிக்கவில்லை. கோஷம் காதைப் பிளந்தது. ஆனந்தன் ஒரு மாலை போட்டார், பரந்தாமன் ஒரு மாலை போட்டார். கிறிஸ்துராஜ் ஊக்கு குத்திய கோட்டோடு ஒரு ஓரமாக நின்று சல்யூட் அடித்தார். அது யார் கண்ணிலும் படவில்லை.

மாலைக்குள்ளிருந்து தலையை எடுத்து அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு மலர்ச்சி.

"இவ்வளவு பேரா இந்த ஹால்ட்டைப் பயன்படுத்துறாங்க?"

"இது கம்மி சார்" என்றார் ஆனந்தன். "தெனம் இதுக்கு மேல ஏறுவாங்க."

"டபுளு சார்!" என்றார் பரந்தாமன். மனை விற்ற நாக்கு. குறைத்துச் சொல்லத் தெரியாது.

அதிகாரி தலையசைத்தார். பிறகு, நல்ல மனிதர் பாவம், கணக்குக் கேட்டார். "ஏஜெண்ட் யாரு? இன்னைக்குக் காலையிலிருந்து எத்தனை டிக்கெட் போச்சு?"

கிறிஸ்துராஜ் முன்னால் வந்தார். "அஞ்சு சார்" என்றார்.

மேளம் நின்றது. அதிகாரியின் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே வேறொன்றாக மாறுவதைப் பார்த்தேன். "தினம் இதைப்போல ரெண்டு மடங்கு பேர் ஏறுறாங்கன்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. உன் கணக்குல அஞ்சு. மீதிப் பணமெல்லாம் எங்கேய்யா போச்சு?"

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. ஹால்ட்டைக் காப்பாற்ற வந்த கூட்டம், ஹால்ட்டைப் பார்த்துக்கொண்டவரைத் திருடனாக்கிவிட்டு நின்றது. ஆனந்தன் தன் செருப்பைப் பார்த்தார். பரந்தாமன் வாழைமரத்தைப் பார்த்தார். அவர்கள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்ல அரசுடைமைக்கும் வாய் வரவில்லை, தனியாருக்கும் வாய் வரவில்லை. கிறிஸ்துராஜ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் மேளத்தைப் பிடுங்கி அவர்கள் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்; நானும் ஒன்றும் செய்யவில்லை.

எல்லம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் கூடை. "அந்தாள ஒண்ணும் சொல்லாத சார். அவரு நாயமான ஆளு. இங்க நிக்கறவங்க ஒர்த்தரும் டிக்கெட்டு வாங்கறதில்ல. நான்தான் வாங்கறேன், அப்பால இன்னும் நாலு பொம்பளைங்க. வோணும்னா இப்போ கேட்டுப் பாரு, எவன் கையில கீதுன்னு."

அதிகாரி கேட்டுப் பார்த்தார். பிளாட்பாரம் ரயில்வே இடம், டிக்கெட் இல்லாமல் நிற்பதே குற்றம், வாங்குங்கள் அல்லது அபராதம் கட்டுங்கள் என்றார். பரிசோதகர்கள் இரண்டு முனையிலும் போய் நின்றுகொண்டார்கள். துணி காயப்போடக் கம்பி உருவியதில் வேலியில் விழுந்த ஓட்டைகள் அன்று பார்த்து எங்கேயோ தூரத்தில் இருந்தன.

மேட்டுக்கழனி ஹால்ட் தன் வாழ்நாளில் பார்த்த முதல் வரிசை அதுதான். ஜன்னலிலிருந்து தொடங்கி, வாழைமரங்களைச் சுற்றி, பந்தலைத் தாண்டி நீண்டது. உள்ளே கிறிஸ்துராஜ் தேதி குத்துகிற இயந்திரத்தை ஓங்கி ஓங்கி அமுக்கினார். சற்று முன் செத்துப் பிழைத்த மனிதர் என்று சொல்ல முடியாது. "வரிசையா வாங்கபா! தள்ளாத! கவர்மென்ட்டு ஆபீஸு இது!" என்று அவர் போட்ட சத்தம் வேப்பம்பட்டுவரை கேட்டிருக்கும்.

பரந்தாமனின் முறை வந்தது. குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஒரு வேப்பம்பட்டு" என்றார். அதுதான் இருப்பதிலேயே மலிவு.

"எது? சத்தமா சொல்லு."

"வேப்பம்பட்டுபா!"

அடுத்தது ஆனந்தன். கழுத்தில் துண்டு, கையில் கோஷம் எழுதிய அட்டை. கிறிஸ்துராஜ் ஜன்னல் வழியே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன் ஊட்டுக்குள்ள போறதுக்கு ஒரு டிக்கெட்டா, அண்ணாத்தே?" என்றார். வரிசை முடிவதற்குள் அட்டை டிக்கெட்டுகள் தீர்ந்து, வெறும் தாளில் கையால் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பரிசோதகர்கள் அடிக்கடி வந்தார்கள். எப்போது வருவார்கள் என்று தெரியாததால் ஊர் வேறு வழியில்லாமல் டிக்கெட் வாங்கப் பழகியது. எல்லம்மாவின் வண்டி நின்றுபோய்விடும் என்ற பயம் தீர்ந்தது. விற்பனை ஏறியது, ஏறி, ஏறி, மேலிடத்தின் கண்ணிலேயே பட்டுவிட்டது. மறு வருஷம் உத்தரவு வந்தது. இவ்வளவு விற்பனை உள்ள இடத்தைக் கமிஷன்காரரிடம் விட்டுவைப்பது முறையல்ல. மேட்டுக்கழனி இனி முறையான ஸ்டேஷன். ரயில்வே தன் சொந்த கிளார்க்கை அனுப்பும்.

ஊரில் ஆனந்தன் லட்டு விநியோகித்தார். "தனியார் ஒழிஞ்சான்! இப்பதான் முழுசா மக்கள் கைக்கு வந்துகீது!" என்று எல்லார் கையிலும் ஒன்று வைத்தார். கிறிஸ்துராஜ் கையிலும் வைத்தார். அந்த ஒழிந்த தனியார் யார் என்று யோசிக்க அவருக்கு அவகாசமில்லை. கிறிஸ்துராஜும் யோசிக்கவில்லை, அந்த கிளார்க் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பரந்தாமன் அதே வாரம் மனை விலையை ஏற்றிவிட்டார். அரசாங்கம் நடத்துகிற ஸ்டேஷன், நம்பி வாங்கலாம் என்று வருகிறவர்களிடம் சொன்னார்.

கிறிஸ்துராஜ் மனுவோடு சென்னைக்குப் போனார். மாலை வாங்கிக்கொண்ட அதே அதிகாரிதான். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். ஒப்பந்தக்காரரை ஊழியராக எடுக்க விதி இல்லை, வயதும் கடந்துவிட்டது என்று விளக்கினார். "உங்களாலதான் அது ஸ்டேஷன் ஆச்சு. அதை நாங்க மறக்க மாட்டோம்" என்று கைகுலுக்கி அனுப்பினார். சகாயம்மாள் அன்றைக்குக் கிண்டல் ஏதும் செய்யவில்லையாம். சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இதைக் கிறிஸ்துராஜ்தான் என்னிடம் சொன்னார். ஆசைப்பட்டபடி ஹால்ட்டை ஸ்டேஷனாக்கிக் காட்டிய மனிதரிடம், வாழ்த்துகள் என்றா சொல்வது?

புது கிளார்க் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். வந்து சேர்ந்த மறுநாள் காலை நான் பிளாட்பாரத்தில் இருந்தேன். ஜன்னலுக்குப் புதிதாக இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். வரிசை நின்றது. ஆனந்தன் டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வெளியே வந்தார். எல்லம்மா வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், வேட்டி கட்டிக்கொண்டு, கிறிஸ்துராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரோ ஒரு வேலை சொல்லியிருந்தார்களாம். கையில் சரியான சில்லறை.

"எங்கே?" என்றான் பையன், தலையை நிமிர்த்தாமல்.

கிறிஸ்துராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பிக்கு உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி வந்துகொண்டிருந்தது.

"யாருங்க அது, எங்கேன்னு சொல்லுங்க. பின்னால ஆள் நிக்கிது."

"சீக்கிரம் வாங்கு அண்ணாத்தே, வண்டி வந்துடுச்சி" என்றார் ஆனந்தன். இதையெல்லாம் ஆனந்தன் வாயிலிருந்து கேட்கிற பாக்கியம் எனக்கு இருந்திருக்கிறது.

கிறிஸ்துராஜ் உள்ளங்கையிலிருந்த சில்லறையைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னலை விட்டு நகர்ந்தார். எல்லம்மாவின் கீரைக் கூடையை ஒரே தூக்கில் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"நைனா, டிக்கெட்டு வாங்கலியா?" என்று எல்லம்மா பின்னாலேயே ஓடினார்.

அவர் கூடையைக் கதவோரம் இறக்கினார். உள்ளே போய் ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் சீட்டின்மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.